பலகை வேறு, பேரேடு வேறு

(நம் அறக்கட்டளை நடத்திய பெற்றோர் – இளைஞர் சந்திப்பில், கணினி ஆர்வலர் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

சமூக வலைத்தளங்களைப் பற்றியும் திறந்த மூல மென்பொருள் பற்றியும் எங்கள் கருத்தைச் சொல்லும்படி நிர்வாகிகள் கேட்டுக்கொண்டார்கள். முதலாவது நம் எல்லோர் கையிலும் இருக்கிறது. இரண்டாவதன் பெயரைக் கேட்டதுமே, 'அது கம்ப்யூட்டர் படித்தவர்கள் சமாச்சாரம்' என்று பலர் ஒதுங்கிவிடுவார்கள். இரண்டுமே நம் வீட்டு விஷயம்தான் என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம். எந்தக் கம்பெனியின் பொருளையும் விற்க நாங்கள் வரவில்லை. கணினி மேல் உள்ள ஆசையால் ஓய்வு நேரத்தில் படித்தும் செய்துபார்த்தும் தெரிந்துகொண்டவர்கள், அவ்வளவே.

எந்தப் பள்ளிவாசலுக்குப் போனாலும் வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். தொழுகை நேரம், ஜனாஸா தகவல், கூட்ட அறிவிப்பு எல்லாம் அதில் இருக்கும். வருகிறவர் போகிறவர் எல்லோரும் படிக்கலாம். படிப்பதற்காகத்தான் அதை எழுதி வைக்கிறோம். உள்ளே அலுவலக அறையில் ஓர் அலமாரி இருக்கும். அதற்குள் நிக்காஹ் தஃப்தர், சந்தாக் கணக்கு, உதவி பெறுகிற குடும்பங்களின் பட்டியல் ஆகியவை இருக்கும். அதற்குப் பூட்டு உண்டு. சாவி பொறுப்பான ஒருவரிடம் இருக்கும். பலகையில் எழுதுவதை யாரும் பேரேட்டில் எழுதுவதில்லை. பேரேட்டில் இருப்பதை யாரும் பலகையில் ஒட்டுவதும் இல்லை.

நம் பெரியவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளாமலே இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றினார்கள். கையில் ஸ்மார்ட்போன் வந்த பிறகு அந்த வித்தியாசம் மறைந்துகொண்டிருக்கிறது. கூட்ட அறிவிப்பும் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. உதவி கேட்டு விண்ணப்பித்தவரின் ஆதார் நகலும் அதே குழுவில் வருகிறது. இன்றைய பேச்சில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: பலகை வேறு, பேரேடு வேறு.

பலகையால் வந்த நன்மையும் தீமையும்

சமூக வலைத்தளங்களைக் குறை சொல்வது சுலபம். நன்மையை முதலில் சொல்வதுதான் நியாயம். சவூதியிலும் துபாயிலும் வேலை பார்க்கிற அத்தாவின் முகத்தைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். கடிதத்துக்கும் கேசட்டுக்கும் காத்திருந்த தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். ரத்தம் தேவை என்று ஒரு செய்தி போட்டால், முகம் தெரியாத இளைஞர் ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கிறார். மௌத் செய்தி வெளியூர்ச் சொந்தங்களுக்கு நேரத்தோடு போய்ச் சேருகிறது. இவை பலகையின் வேலை. அதை இந்தச் செயலிகள் நன்றாகவே செய்கின்றன.

ஆனால் பள்ளிவாசல் பலகையில் கண்டவரும் எழுதிவிட முடியாது. எழுதினால் கீழே ஒரு கையெழுத்து இருக்கும். ஃபார்வேர்ட் செய்தியில் கையெழுத்து இல்லை. 2018 மே மாதம் குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு சென்னைக் குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே காரை நிறுத்தியது. அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற வதந்தி அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் அந்தப் பக்கமெல்லாம் பரவியிருந்தது. கூட்டம் கூடி அடித்ததில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு தாய் உயிரிழந்தார். அடித்தவர்களில் ஒருவருக்கும் அந்தச் செய்தியை முதலில் எழுதியது யார் என்று தெரியாது. இப்படிப்பட்ட கொலைகள் நாட்டின் பல பகுதிகளில் நடந்த பிறகுதான், அந்த ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வேர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது.

கம்பெனி போட்ட கட்டுப்பாடு பாதி வேலையைத்தான் செய்யும். மீதி நம் விரலில் இருக்கிறது. கையெழுத்துப் போட மனம் வராத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பக் கூடாது. இந்த ஒரு பழக்கம் போதும்.

வாடகை இடம்

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தப் பலகை மாட்டியிருக்கும் சுவர் நம்முடையதல்ல.

இங்கே முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஆர்குட் நினைவிருக்கும். 2004-ல் கூகுள் தொடங்கியது. இந்தியாவிலும் பிரேசிலிலும் பெருங்கூட்டம் அதில் சேர்ந்தது. கல்லூரி நண்பர்கள் எழுதிய வரிகளும் படங்களும் அதில் இருந்தன. 2014 செப்டம்பர் 30 அன்று மூடிவிட்டார்கள். அதே நிறுவனம் 2011-ல் தொடங்கிய கூகுள் ப்ளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. 2020 ஜூன் இறுதியில் அரசு உத்தரவால் டிக்டாக் உட்பட 59 செயலிகள் இந்தியாவில் தடைசெய்யப்பட்டன. அதுவரை உழைத்துச் சேர்த்த ஆயிரக்கணக்கான பார்வையாளர்களை நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் ஒரே இரவில் இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று இரவு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றுபோயின. அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் தங்கள் உள் இணைப்பில் செய்த ஒரு மாற்றம் பிசகியதுதான் காரணம்.

இவற்றில் எதிலும் நம்மைப் போன்ற பயனாளர் செய்த தப்பு ஒன்றுமில்லை. வாடகைக் கடைக்காரருக்குக் கட்டட முதலாளி ஒரு மாத நோட்டீஸ் கொடுப்பார். இங்கே அதுவும் நிச்சயமில்லை. ஆகவே இழந்தால் தாங்கக்கூடியதை மட்டும் அந்தச் சுவரில் மாட்டுவோம். ஜமாஅத்தின் இருபது வருடக் கணக்கை, உறுப்பினர் பட்டியலை, பழைய புகைப்படங்களை ஒரு குழுவிலோ ஒரு பக்கத்திலோ மட்டும் வைத்திருப்பது, பேரேட்டைத் தெருவில் உள்ள பலகையில் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போவதைப் போன்றது.

335 பேர் திறந்த கதவு

'என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. என் விவரம் போனால் போகட்டும்' என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்காக ஒரு கணக்கு.

சில வருடங்களுக்கு முன்பு ஃபேஸ்புக்கில் ஓர் ஆளுமைத் தேர்வுச் செயலி உலவியது. கேள்விகளுக்குப் பதில் சொன்னால் 'நீங்கள் எப்படிப்பட்டவர்' என்று சொல்லும். விளையாட்டுப் போலத்தான் இருந்தது. அதில் சேர்ந்தவரின் விவரத்தோடு அவருடைய நண்பர்களின் விவரத்தையும் அது எடுத்துக்கொண்டது. அன்றைய ஃபேஸ்புக் விதிகள் அதற்கு இடம் கொடுத்தன. அந்த விவரங்கள் தேர்தல் பிரசாரங்களுக்கு வேலை செய்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனத்துக்குப் போயின. 2018-ல் உண்மை வெளிவந்தபோது, உலக அளவில் 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. இந்தியாவைப் பற்றியும் கணக்குச் சொன்னது. செயலியைப் போட்டுக்கொண்டவர்கள் 335 பேர். விவரம் போயிருக்கக்கூடியவர்கள் 5.62 லட்சம் பேர்.

நம் முடிவு நம்மோடு நிற்பதில்லை என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. அந்த 335 பேரும் தங்கள் வீட்டுக் கதவைத்தான் திறந்தார்கள். ஆனால் அந்தக் கதவு வழியாக ஐந்தரை லட்சம் வீடுகளுக்குள் ஆள் நுழைந்துவிட்டான். உங்கள் போனில் இருக்கும் முந்நூறு எண்களும் முந்நூறு பேருடைய அமானிதம். ஒரு செயலி 'கான்டாக்ட்ஸைப் பார்க்கலாமா' என்று கேட்கும்போது, அது உங்களைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த உரிமை பணக்காரருக்கு மட்டும் உள்ளதல்ல. ரேஷன் அரிசியையும் ஜகாத் உதவியையும் நம்பியிருக்கிற குடும்பத்துக்கும் அதே உரிமை உண்டு.

கஞ்சியும் பக்குவமும்

இனி இரண்டாவது விஷயம். திறந்த மூல மென்பொருள் என்றால் என்ன?

நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்வோம். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால். பக்குவம் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஊரில் கறி சேர்ப்பார்கள், இன்னொரு ஊரில் காய்கறி போடுவார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. கடையில் விற்கும் மசாலாப் பாக்கெட் அப்படியல்ல. சுவை பிடித்திருந்தாலும் உள்ளே என்ன விகிதம் என்று தெரியாது. உப்பு அதிகம் என்றால் நாம் குறைக்க முடியாது. கம்பெனி நிறுத்திவிட்டால் அதோடு முடிந்தது.

ஒவ்வொரு மென்பொருளுக்கும் இப்படி ஒரு பக்குவக் குறிப்பு உண்டு. அதைத்தான் மூல நிரல் என்கிறோம். பெரும்பாலான கம்பெனிகள் அதைப் பூட்டி வைத்துக்கொண்டு, சமைத்ததை மட்டும் விற்கின்றன. திறந்த மூல மென்பொருளில் குறிப்பும் சேர்ந்தே கிடைக்கிறது. எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம். எப்படி வேலை செய்கிறது என்று படித்துப் பார்க்கலாம். பிரதி எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். திருத்தி, திருத்தியதையும் ஊருக்குக் கொடுக்கலாம். இந்த நான்கு உரிமைகள்தான் அடிப்படை.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் வேலை பார்த்தார். பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி பழைய பிரிண்டரின் நிரலில் அவர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். புதிதாக வந்த பிரிண்டருக்கும் அதையே செய்ய நினைத்தார். மூல நிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த ஒருவரைத் தேடிப்போய்க் கேட்டார். 'யாருக்கும் தரமாட்டேன் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்' என்று அவர் மறுத்துவிட்டார். அந்த மனக்கசப்பு ஸ்டால்மனை யோசிக்க வைத்தது. 1983-ல் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் லினக்ஸை எழுதி இணையத்தில் வைத்தார். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் சேர்ந்து அதை வளர்த்தார்கள். இன்று உலகின் மிக வேகமான 500 கணினிகளும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. உங்கள் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமும் அதுதான். வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தியை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி 2016 முதல் எல்லோருக்கும் பூட்டித் தருகிற முறைகூட, சிக்னல் என்ற திறந்த மூலத் திட்டத்தில் உருவானதே.

ஆங்கிலத்தில் இதை 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்பார்கள். ஃப்ரீ என்றால் இலவசம் என்றும் அர்த்தம், சுதந்திரம் என்றும் அர்த்தம். அதனால் அங்கே குழப்பம். தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டார்கள். குழப்பமே இல்லை. 'கணியம்' என்ற இணைய இதழ் 2012 முதல் இதைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்து வருகிறது. அரசு கொடுத்த மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் என்ற ஒன்று இருந்ததைச் சில பிள்ளைகள் கவனித்திருப்பார்கள். அது சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. பக்கத்தில் கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பல வருடங்களாகவே கட்டற்ற மென்பொருளில்தான் கணினிப் பாடம் நடக்கிறது.

ஸ்டால்மன் எழுதிய உரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டு. மென்பொருளை மாற்றி வெளியிடுகிறவர், அதே உரிமைகளோடுதான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். பூட்டி வைத்துத் தனக்கென்று ஆக்கிக்கொள்ள முடியாது. வக்ஃப் சொத்தை அறிந்த நமக்கு இது புரியாத சங்கதியல்ல. ஊருக்காக வெட்டிவிட்ட கிணற்றில் யாரும் தண்ணீர் எடுக்கலாம், தூர் வாரலாம். வேலி போட்டு வளைத்துக்கொள்ள முடியாது.

வெள்ளம் சொல்லித்தந்த பாடம்

இந்த இரண்டும், அதாவது வலைத்தளமும் திறந்த மென்பொருளும், சேர்ந்து வேலை செய்ததை நம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறோம்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, உதவி கேட்டும் உதவி தருவதாகவும் வந்த செய்திகள் ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் குவிந்தன. பள்ளிவாசல்கள் உட்படப் பல இடங்களில் மக்களைத் தங்கவைத்தார்கள். ஆனால் எந்தத் தெரு வழியாகப் போவது? அதற்காக, தண்ணீர் நிற்கும் தெருக்களை மக்களே குறிக்கும்படி ஒரு வரைபடத்தை இணையத்தில் வைத்தார்கள். அதற்கு அடித்தளம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-ல் பிரிட்டனில் தொடங்கி, விக்கிப்பீடியாவைப் போல மக்களே வரைந்து மக்களே திருத்துகிற உலக வரைபடம் அது. ஒரு கம்பெனியின் அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையிருக்கவில்லை. வரைபடம் ஏற்கனவே பொதுச் சொத்தாக இருந்தது.

2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியது. 'இந்த ஊரில், இந்த வீட்டு மாடியில் இத்தனை பேர் இருக்கிறோம்' என்ற செய்திகள் வாட்ஸ்அப்பில் கொட்டின. அதில் ஒரு பெரிய சிக்கல். ஃபார்வேர்ட் செய்தி கிழமை அறியாது. அந்தக் குடும்பத்தை மீட்ட பிறகும், 'உடனே காப்பாற்றுங்கள்' என்று அதே செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும். படகு மறுபடியும் அங்கே போகும். அந்த நேரத்தில் இன்னொரு மாடியில் நிஜமாகவே ஒருவர் காத்துக்கொண்டிருப்பார்.

அப்போது அரசின் தகவல் தொழில்நுட்பத் துறையினரும் தன்னார்வப் பொறியாளர்களும் சேர்ந்து 'கேரள ரெஸ்க்யூ' என்ற இணையதளத்தை நடத்தினார்கள். அதன் மூல நிரலைத் திறந்தே வைத்தார்கள். எங்கெங்கோ இருந்த இளைஞர்கள் இரவு பகலாகச் சேர்ந்து அதை வளர்த்தார்கள். உதவி கேட்பவரின் இடம், தொலைபேசி எண், தேவை எல்லாம் ஒரு பதிவாக ஏறும். தொண்டர்கள் போன் செய்து விசாரிப்பார்கள். முகாம்களுக்கு என்ன தேவை என்பதும் அதில் இருக்கும்.

கேரளத்தில் கூப்பிடும் குரலைக் கொண்டுபோனது வாட்ஸ்அப். யார் மீட்கப்பட்டார், யார் இன்னும் மீதி என்ற கணக்கை வைத்துக்கொள்ள அதனால் முடியவில்லை. அதற்கு ஒரு பேரேடு வேண்டியிருந்தது. குறுகிய காலத்தில் அந்தப் பேரேட்டை உருவாக்க முடிந்ததற்குக் காரணம், அதைக் கட்டத் தேவையான செங்கலும் சிமெண்டும், அதாவது திறந்த மூலக் கருவிகள், ஏற்கனவே எல்லோருக்கும் பொதுவாகக் கிடந்தன.

குறைகளையும் சொல்ல வேண்டும்

திறந்த மூலம் என்றால் எல்லாம் பத்திரம் என்று நினைக்கக் கூடாது. இணைய வங்கி முதல் கடைகள் வரை பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மூலக் கருவியில் 2014-ல் ஹார்ட்பிளீட் என்ற பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு வருடமாக அது யார் கண்ணிலும் படவில்லை. உலகமே நம்பியிருந்த அந்தக் கருவியை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் பராமரித்து வந்தார்கள். அவர்களுக்கு நன்கொடையாக வந்துகொண்டிருந்தது வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர். பொதுக்கிணற்றில் எல்லோரும் இறைத்தார்கள், தூர் வார யாரும் வரவில்லை. பொதுச்சொத்து பொறுப்பில்லாமல் பிழைக்காது என்பது வக்ஃபுகளைப் பார்த்தே நமக்குத் தெரியும்.

இன்னொரு குறை நெஞ்சைச் சுடுவது. திறந்த மூல நிரல்களை நிரலாளர்கள் பகிர்ந்துகொள்ளும் கிட்ஹப் என்ற தளத்திலேயே, 2021 ஜூலையிலும் 2022 ஜனவரி முதல் தேதியிலும், முஸ்லிம் பெண்களின் படங்களை அவர்களது வலைத்தளப் பக்கங்களிலிருந்து திருடி, ஏலம் விடுவதுபோல அசிங்கமான செயலிகளை வைத்தார்கள். பத்திரிகையாளர்களும் சமூகச் செயற்பாட்டாளர்களும் அதில் குறிவைக்கப்பட்டார்கள். பிறகு கைதானவர்களில் கல்லூரி வயதினரும் இருந்தார்கள். கருவி நல்லது என்பதால் அதைப் பிடித்த கையும் நல்லதாகிவிடாது.

இதைக் கேட்டு, 'பெண் பிள்ளைகளுக்கு போன் வேண்டாம்' என்று முடிவெடுக்கிற பெற்றோர் உண்டு. அது சரியான பாடமல்ல என்பது எங்கள் கருத்து. குறிவைக்கப்பட்ட பெண்கள் ஒதுங்கிப்போய்விடவில்லை. வெளிப்படையாகப் பேசினார்கள், போலீசில் புகார் கொடுத்தார்கள். அதனால்தான் வழக்குகள் நகர்ந்தன. குற்றம் படம் போட்டவர் மேல் இல்லை. இப்படி ஏதாவது நேர்ந்தால் அத்தாவிடமும் அம்மாவிடமும் பயமில்லாமல் வந்து சொல்லலாம் என்ற தைரியத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதான் முதல் பாதுகாப்பு.

நாம் செய்யக்கூடியவை

முதலில் ஜமாஅத்துகளுக்கும் சங்கங்களுக்கும். உதவி பெறுகிறவரின் முகத்தைப் படமெடுத்துப் போடுவதை நிறுத்துவோம். தையல் மெஷின் வாங்கிக்கொண்டு நிற்கும் பதினேழு வயதுப் பெண்ணின் படம் இன்று நூறு லைக் வாங்கும். நான்கு வருடம் கழித்து அவளைப் பெண் பார்க்க வருகிறவர் கையிலும் அந்தப் படம் இருக்கும். அன்று அதை யாராலும் திரும்பப் பொறுக்கி எடுக்க முடியாது. கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் காட்ட வேண்டும். எத்தனை குடும்பம், என்ன செலவு, எந்த ரசீது என்று காட்டுவோம். கணக்குக் காட்ட முகம் தேவையில்லை. மறைவாகக் கொடுப்பதன் சிறப்பை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை.

ஆதார், ரேஷன் கார்டு, மதிப்பெண் பட்டியல், மருத்துவச் சீட்டு ஆகியவற்றைக் குழுவில் கேட்க வேண்டாம். பொறுப்பாளர் ஒருவரிடம் நேரில் கொடுக்கட்டும். பட்டியலைக் கணினியில் வைக்க லிப்ரேஆஃபீஸ் போதும். திறந்த மூல மென்பொருள், காசு கிடையாது, தமிழில் தட்டச்சு செய்யலாம், கோப்புக்குக் கடவுச்சொல் போடலாம். ஒரு பிரதியை பென்டிரைவில் எடுத்து, பேரேடு இருந்த அதே அலமாரியில் பூட்டி வையுங்கள். சொந்தமாக சர்வர் வைத்து நடத்துகிற கருவிகளும் திறந்த மூலத்தில் உண்டு. ஆனால் தொடர்ந்து பராமரிக்க ஆள் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம். பூட்டத் தெரியாத பெரிய அலமாரியைவிடப் பூட்டிய சின்னப் பெட்டி மேல்.

அடுத்து வீடுகளுக்கு. இன்றிரவே வாட்ஸ்அப் செட்டிங்ஸைத் திறந்து, பிரைவசி பகுதியில் குரூப்ஸ் என்ற இடத்தில் 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள். முன்பின் தெரியாதவர் உங்கள் மகளைக் கண்ட குழுவில் சேர்ப்பது நிற்கும். அக்கவுண்ட் பகுதியில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போட்டு ஆறு இலக்க எண் ஒன்றை வையுங்கள். போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், சொந்தக்காரர் பெயரில் செய்தி வந்தாலும் சரி.

வீட்டுக் கணினியில் கள்ள நகல் மென்பொருளைப் போடுவது ஊர் வழக்கமாகிவிட்டது. அது அடுத்தவர் பொருள் என்பது ஒருபுறம். அதோடு வைரஸும் வருவது மறுபுறம். எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரேஆஃபீஸ், இணையம் பார்க்க ஃபயர்ஃபாக்ஸ், வீடியோ பார்க்க வி.எல்.சி. இருக்கின்றன. நேர்மையாகக் கிடைப்பது இருக்கும்போது திருட்டு எதற்கு? பழையதாகிவிட்டது என்று பரண்மேல் போட்ட கணினியில் லினக்ஸ் போட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் படிப்புக்கு இன்னும் சில வருடம் பல கணினிகள் தாங்கும்.

கடைசியாக இளைஞர்களுக்கு. வலைத்தளத்தில் நாம் வாடிக்கையாளர்கள், சில சமயம் சரக்கும் நாம்தான். திறந்த மூல உலகத்தில் நீங்கள் உறுப்பினராகலாம். அங்கே கல்லூரிச் சான்றிதழையோ ஊரையோ பெயரையோ கேட்டு யாரும் உள்ளே விடுவதில்லை. எழுதிய நிரல் வேலை செய்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் மென்பொருளைத் தமிழாக்கம் செய்யலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நம் ஊர்ச் சந்துகளையும் ஆஸ்பத்திரியையும் பள்ளிக்கூடத்தையும் குறிக்கலாம். அடுத்த வெள்ளத்தின்போது படகுக்காரர் பார்ப்பது நீங்கள் வரைந்த கோடாக இருக்கும். நீங்கள் போன பின்னும் பிறருக்குப் பயன்படும் வேலை அது.

உறவினர்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில் இருக்கும்போது அதை விட்டு வெளியேறுங்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். பலகை இருக்கட்டும். ஊருக்குச் சொல்ல வேண்டியதை அதில் நன்றாக, கையெழுத்தோடு எழுதுவோம். நம்மை நம்பி ஒப்படைத்தவர்களின் பெயரும் முகமும் எண்ணும் மட்டும் சாவி நம் கையில் இருக்கும் இடத்தில் இருக்கட்டும்.

லிப்ரேஆஃபீஸ் போட்டுக்கொள்ள விரும்புகிறவர்கள், பழைய கணினியைச் சரிபார்க்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் சொல்லுங்கள். அலுவலக நேரத்தில் கணினியைக் கொண்டுவந்தால், இன்ஷா அல்லாஹ், கட்டணம் எதுவும் இல்லாமல் செய்து தருகிறோம்.